எத்தனை கட்டையில் எடுப்பது? சோழவந்தான் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஓராண்டு இசை வகுப்பு

2023 ஆகஸ்ட் 14. மறுநாள் கொடியேற்றத்துக்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வாயை மட்டும் அசைடா, சத்தம் வேண்டாம்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய் வரிசையில் நின்றான். மறுநாள் சொன்னபடியே செய்தான். அதற்கு அடுத்த நாளும், அடுத்த வாரமும் அப்படியே. அந்தக் கல்வியாண்டு முழுக்கக் காலை வழிபாட்டில் அவன் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. அடுத்த வருடம் ஜூனில் வேறொரு பிள்ளை, "அவன் எப்பவும் பாட மாட்டான் டீச்சர், நீங்கதானே வேண்டாம்னீங்க" என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

நிகழ்வு ஆய்வு என்று பெரிய பெயர் வைத்தாலும் இது ஒரு டீச்சர் தன் நோட்டில் எழுதி வைத்ததன் தொகுப்புதான். பள்ளியின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அந்தப் பையனைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் 'கட்டை' என்று கூப்பிடுவார்கள். கட்டைக் குரல் என்பதால் வந்த பெயர். அவனும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பான்.

பள்ளி இருக்கும் இடம்

சோழவந்தானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பள்ளிக்கு ஒரு பக்கம் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும். இன்னொரு பக்கம், கூப்பிடு தூரத்தில், மதுரை – திண்டுக்கல் ரயில் பாதை. ஈராசிரியர் பள்ளி, ஒன்று முதல் ஐந்து வரை 38 பிள்ளைகள். நான் கீழ் வகுப்புகளைப் பார்க்கிறேன், எச்.எம். சார் நான்கையும் ஐந்தையும். இசைக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டுக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் அந்தப் பாட்டெல்லாம் எழுத்தையும் எண்ணையும் மனதில் நிறுத்துவதற்காக வந்தவை. பாட்டையே பாடமாக நடத்துவது வேறு சங்கதி. எனக்குத் தெரிந்த சங்கீதம், சின்ன வயதில் மேல மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பாட்டு டீச்சரிடம், அடிப்படைப் பாடங்கள் முடிந்து வரும் வர்ணம் வரைக்கும் கற்றது. அப்புறம் கல்யாணம், வேலை, குழந்தைகள். சுருதிப்பெட்டி இருபது வருடமாகப் பரணில் கிடக்கிறது.

சரளி வரிசை இரண்டு வாரம் ஓடியது

2024 ஜூனில் பள்ளி திறந்ததும், வெள்ளிக்கிழமை கடைசி மணியை எச்.எம். சாரிடம் கேட்டு வாங்கினேன். எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியே ஆரம்பித்தேன்: மாயாமாளவகௌளை ராகம், ஸ்வரங்களை வரிசையாகப் பாடும் தொடக்கப் பாடமான சரளி வரிசை, ஆதி தாளம். புரந்தரதாசர் வகுத்தது என்று சொல்லப்படும் அந்த வரிசையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி என்று ஒரே வார்ப்பில் இருக்கும் ராகம் அது. சமத்து ராகம்.

ஆனால் 38 பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டாகப் பாடச் சொன்னால் முதல் படியிலேயே வழுக்குகிறது. ச-வுக்கு அடுத்த ரி, ஆர்மோனியத்தில் ஒட்டினாற்போல் பக்கத்தில் இருக்கும் கட்டை. அங்கிருந்து க-வுக்கு ஒரு பெரிய தாவல். உடனே ம திரும்பவும் க-வோடு ஒட்டிக்கொள்ளும். தனியாக எதிரில் உட்கார்ந்து கற்கும் பிள்ளைக்கு இது காதைத் தீட்டும் பயிற்சி. கூட்டத்தில் என்ன ஆகிறது என்றால், ரி-யைப் பாதிப் பேர் ச-விலேயே பாடுகிறார்கள், மீதிப் பேர் க-வுக்கு முன்னால் எங்கேயோ நிற்கிறார்கள். இரண்டாவது வாரம் ஒன்றாம் வகுப்பில் மூன்று பேர் தூங்கிவிட்டார்கள். மூன்றாவது வெள்ளிக்கிழமை மழை வந்தது. மழையைச் சாக்காக வைத்து வகுப்பை நிறுத்தினேன்.

ஒரே பாட்டு, இரண்டு நாள்

சரி, இவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டு எது என்று யோசித்தால், தினமும் காலையில் பாடுவதுதான் இருக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் சுந்தரனாரின் பாடல், மெட்டமைத்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையிலேயே அதன் இலக்கணம் இருக்கிறது: முல்லைப்பாணி என்னும் மோகன ராகம், மூன்று மூன்றாக எண்ணும் மூன்றன் நடை, 55 விநாடி. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூட ஒரு ராகம் முழுசாகத் தெரியும், அதன் பெயர்தான் தெரியாது. இது அத்தனை வருடமும் என் மூக்குக்கு முன்னால்தான் இருந்தது.

ஜூலையில் ஒரு வாரம், என் நாட்களில் பாட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, கூடவே பாடாமல் ஓரமாக நின்று கேட்டேன். செல்போனில் பதிவும் செய்தேன். முதலில் தெரிந்தது நேரம். 55 விநாடிப் பாட்டை நாங்கள் 1 நிமிடம் 10 விநாடிக்கு இழுத்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது விஷயம்தான் என்னை உட்கார வைத்தது. திங்கள், புதன், வெள்ளி பாட்டு எடுப்பது நான். செவ்வாய், வியாழன் எச்.எம். சார். அதே பிள்ளைகள், அதே பாட்டு. என் நாட்களில் முனகுகிறார்கள். அவர் நாட்களில் கத்துகிறார்கள்.

பதிவைப் போட்டு சுருதி பார்த்தேன். காலையில், தொண்டை திறக்காத நேரத்தில், நான் எடுப்பது ஏறத்தாழ 3 கட்டை; கட்டை என்பது சுருதி எவ்வளவு உயரம் என்று சொல்லும் கணக்கு. வீட்டில் பாடிய காலத்தில் என் சுருதி 5. வகுப்பில் கத்திக் கத்திக் குரல் இறங்கியிருக்கிறது, நான் பாட்டுக்கு வாய்க்கு வந்த இடத்தில் ஆரம்பித்துவிடுகிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அடி ஸ்வரங்கள் கிடையவே கிடையாது. வயலில் தண்ணீர் வற்றுகிற மாதிரி, பாட்டு கீழே போகப் போகக் குரல் வற்றிவிடும். எச்.எம். சார் எடுப்பது 1 கட்டை. ஆண் குரல். பிள்ளைகள் அதை ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு ஸ்வரம், மேலே பிடிக்க வேண்டும். பிடிக்கிறார்கள், ஆனால் மேல் ச பக்கம் போகும்போது கழுத்து நரம்பு புடைக்கிறது. ஸ்தாயி மாற்றத் தெரியாத பிள்ளை அவரோடு சேர்ந்து கீழேயே உறும முயற்சி செய்கிறது. வயசு வந்த ஆணின் குரலை அப்படியே பிடிப்பது சின்னப் பிள்ளைகளுக்குச் சிரமம், பெண் குரல் அதைவிட எளிது, இன்னொரு குழந்தையின் குரல் எல்லாவற்றையும்விட எளிது என்று இசைக் கல்வி ஆராய்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது எங்கள் முற்றத்திலேயே கேட்டது.

அதாவது, 'சுருதி சேராத பிள்ளைகள்' என்று நான் ஒதுக்கி வைத்த கூட்டத்தின் பெரும்பகுதி, நாங்கள் இரண்டு பேரும் பாட்டு எடுத்த இடத்தால் உண்டானது.

ஆர்மோனியக்காரர்

ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஊர்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியமும் பின்பாட்டும் செய்தவர். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டெல்லாம் மனப்பாடம். வாசித்து வருடக்கணக்காகிறது, பெட்டி மட்டும் வீட்டில் துணி போர்த்தி இருக்கிறது. நான் போய் விஷயத்தைச் சொன்னதும், "பெட்டிய தூக்க ரெண்டு பயலுகள அனுப்பு தாயி, வாரேன்" என்றார்.

கட்டை என்ற சொல்லையே பிள்ளைகளுக்கு அவர்தான் விளக்கினார். "இதாம்ப்பா கட்டை" என்று ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டையைத் தட்டிக் காட்டினார். "இது ஒண்ணு, இது ரெண்டு. நடுவுல இருக்குற கறுப்பு ஒண்ணரை." எல்லோரும் அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தார்கள். "டேய், உன் பேரு பெட்டிக்குள்ள இருக்குடா!" அவனும் சிரித்தான். பட்டப்பெயருக்கு அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, "சும்மா ஆ…ன்னு சொல்லு" என்று அதற்கு இசைவான கட்டையைத் தேடினார். ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் நோட்டில் குறித்தேன். பெரும்பாலானவர்கள் 5-க்கும் 6½-க்கும் நடுவில் நின்றார்கள்.

அவர் சொன்னது எல்லாம் சரியாக வந்தது என்று நினைக்க வேண்டாம். "பிள்ளைகன்னா ஆறரைக்கு மேல வைக்கணும், அப்பத்தான் கடைசி ஆளுக்குக் கேக்கும்" என்றார். அப்படியே ஒரு நாள் பாடிப் பார்த்தோம். ரயில் வந்ததா பிள்ளைகள் பாடினார்களா என்று தெரியாத சத்தம். அவருக்கு இருந்தது நாடகக் கொட்டகை நினைப்பு. மைக் இல்லாத காலத்தில் வெட்டவெளியில் விடிய விடிய ஆயிரம் பேருக்குக் கேட்கப் பாடியவர்களின் கணக்கு அது. நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா மாதிரி உச்சத்தில் பாடிப் பேர் வாங்கிய காலம். எங்கள் முற்றத்துக்கு அது தேவையில்லை. நாலைந்து நாள் ஏற்றி இறக்கிக் கடைசியில் 5½-ல் நின்றோம்.

இப்போது எனக்கு ஒரு சிக்கல். காலை ஒன்பது மணிக்கு என் தொண்டை 5½-ல் நிற்காது. எச்.எம். சாரைக் கேட்கவே வேண்டாம். அதனால் பாட்டு எடுக்கும் வேலையை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் விட்டோம். சுருதி கொடுக்கும் செல்போன் தம்புராவில் 5½ வைத்து, அவள் ஒரு விநாடி கேட்டுவிட்டு ஆரம்பிப்பாள். இந்த ஒரு மாற்றம், வேறு எந்தப் பயிற்சியும் தொடங்குவதற்கு முன்பே, முதல் வாரத்திலேயே கூட்டத்தின் சத்தத்தை மாற்றிவிட்டது. அந்த ஆண்டில் நாங்கள் செய்ததில் எது முக்கியம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். செலவு ஒரு பைசா இல்லை.

ரயில்

அந்தப் பையன் கட்டை மட்டும் இன்னும் பாடவில்லை. பெரியவர் கூப்பிட்டபோதுகூட அவனுக்கு வந்தது மூச்சு கலந்த ஒரு கரகரப்புதான். "இவனுக்குப் பெட்டியில இடமில்ல" என்று அவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம். தட்டுக் கழுவும் குழாயடியில் பிள்ளைகள் நிற்கிறார்கள். மதுரைப் பக்கமிருந்து ஒரு ரயில் வந்தது. ஹார்ன் அடித்துக்கொண்டே கடந்து போகும்போது அந்தச் சத்தம் மேலேயிருந்து கீழே வழுக்குமே, அது எல்லோருக்கும் தெரியும். நெருங்கி வரும்போது கூர்மையாகக் கேட்பது, விலகும்போது தணிந்துவிடும். பிள்ளைகள் வழக்கம்போல் கூ என்று கத்தினார்கள். அதில் ஒரு குரல் மட்டும் கத்தவில்லை. ஹார்னோடு மேலே நின்று, அது வழுக்கும்போது கூடவே வழுக்கி, கீழே போய் அடங்கியது. திரும்பிப் பார்த்தால் இவன், கையில் ஈரத் தட்டோடு.

பேசும்போது அவனுக்கு இருக்கிற கட்டைக் குரலுக்கும் அந்தக் கூ-வுக்கும் சம்பந்தமே இல்லை. மேல் குரல் அவனிடம் இருந்திருக்கிறது. பாட்டு என்று சொன்னால் அவன் அதை எடுப்பதில்லை, பேச்சுக் குரலிலேயே தள்ளுகிறான். அந்தக் குரலை எங்கேயும் நகர்த்த முடியாது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வகுப்பு ரயிலில்தான் தொடங்கும். எல்லோரும் மேலேயிருந்து கீழே கூ. கை உயரத்திலிருந்து தரைக்கு வரும். அப்புறம் கீழேயிருந்து மேலே. அப்புறம் ரயில் பாதி வழியில் நிற்கும். நான் கையை எங்கே நிறுத்துகிறேனோ அங்கே குரலை நிறுத்த வேண்டும். ஓட்டுநர் யார் என்று கேட்கவே வேண்டாம். அவன் கை நடுவானில் நிற்கும்போது 37 பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் விரலைப் பார்ப்பார்கள். பாவி, வேண்டுமென்றே ரொம்ப நேரம் நிறுத்துவான்.

அவன் குரல் கரகரப்பாக இருந்ததற்கு வேறு காரணமும் இருந்தது. அப்பாவோடு சனி, ஞாயிறு தள்ளுவண்டியில் போய்க் கூவி விற்பவன். கத்திக் கத்திக் குரல் நாண் தடித்துப்போகிற பிள்ளைகள் உண்டு. அம்மாவிடம் சொல்லி அரசு மருத்துவமனையில் காட்டச் சொன்னேன். கத்துவதைக் குறைக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்களாம். "கத்தாம எப்பிடி டீச்சர் யாவாரம் பாக்குறது?" என்று அம்மா கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு தகரத் தட்டைத் தட்டி விற்கலாமே என்று சொன்னேன், இப்போது அப்படித்தான் செய்கிறார்கள் என்று கேள்வி.

காதைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு

சேராத பிள்ளைகளின் பட்டியலில் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியும் இருந்தாள். ரயில் விளையாட்டில் கையைப் பார்த்துச் சரியாகச் செய்வாள்; கையை மறைத்துவிட்டால் திணறுவாள். பக்கத்தில் போனால் ஒரு காதில் சீழ் வாடை. வாய்க்காலில் குளித்ததால் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டி, சொட்டு மருந்தும் மாத்திரையும் ஆகி, அவளுக்குச் சரியானபோது தீபாவளி வந்துவிட்டது. இது இசை வகுப்பு கண்டுபிடித்த விஷயம் என்பதில் எனக்குப் பெருமையைவிட வெட்கம்தான் அதிகம். ஒரு வருடம் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள். காது கேட்காததையும் சங்கீதக் காது இல்லாததையும் நான் ஒரே கணக்கில் எழுதியிருக்கிறேன். ஸ்வர வித்தியாசமே பிடிபடாதவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், ஆனால் மிகக் கொஞ்சம் பேர். டீச்சர்கள் சொல்லும் எண்ணிக்கையில் இல்லை.

உள்ளேன் டீச்சர்

வாரம் ஒரு மணி நேரம் போதாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. காதுக்கு வேண்டியது கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும். காலை உணவு முடிந்து பாடம் தொடங்குவதற்கு முன் வருகைப் பதிவு எடுக்கிறோமே, அதையே பாட்டாக்கினோம். பெயரை இரண்டு ஸ்வரத்தில் கூப்பிடுவேன். மேலே ப, கீழே க. பிள்ளை அதே இரண்டு ஸ்வரத்தில் 'உள்ளேன் டீச்சர்' சொல்ல வேண்டும். அவ்வளவுதான். என் வகுப்புக்கு நான்கு நிமிடம்.

ஏன் ப–க? தோப்பில் தூரத்தில் நிற்கிறவனைக் கூப்பிடும் பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். முதல் எழுத்தை மேலே வைத்து, அடுத்ததைக் கொஞ்சம் கீழே இறக்கி இழுக்கும். ஆர்மோனியத்தில் தேடினால் பெரும்பாலும் இந்த இறக்கம்தான் கிடைக்கிறது. ஹங்கேரியில் கோடாய் என்ற இசையமைப்பாளர், 1882-ல் பிறந்து 1967 வரை இருந்தவர், தன் நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அவர்கள் ஊர் நாட்டுப்பாட்டிலிருந்தே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று போராடினார். அவர் வழியில் போகிறவர்கள் முதலில் எடுப்பதும் இதே இரண்டு ஸ்வரம், அடுத்துப் போவது ஐந்து ஸ்வரப் பாட்டுகளுக்கு. அந்த ஐந்தும் நம் மோகனத்தின் ச ரி க ப த. ஒன்றோடொன்று ஒட்டி உரசும் ஸ்வரம் இதில் இல்லை. ஒரு பிள்ளை தவறிப் பக்கத்து ஸ்வரத்தில் விழுந்தாலும் காதைக் கடிக்காது. சரளியை மாயாமாளவகௌளையில் தொடங்காமல் மோகனத்தில் தொடங்கியதை என் பாட்டு டீச்சர் கேட்டிருந்தால் திட்டியிருப்பார். ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்து ஸ்வரமும் வந்தபோது செய்த விளையாட்டுக்கு நான் வெளியே எங்கும் போகவில்லை. சிலப்பதிகாரத்தில் ஆயர் பெண்கள் ஆடிப் பாடும் ஆய்ச்சியர் குரவை மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில்தான் நடக்கிறது. அங்கே மாதரி என்னும் ஆயர் முதுமகள் ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு ஸ்வரத்தின் பெயரை வைக்கிறாள். அவர்கள் பாடத் தொடங்குவதும் முல்லைத் தீம்பாணி. நாங்கள் ஏழில் ஐந்தை எடுத்துக்கொண்டோம். தாழ்வாரத்தில் சாக்பீஸால் ஐந்து கட்டம்; ரி-க்கும் க-வுக்கும் உள்ள தூரத்தைவிட க-வுக்கும் ப-வுக்கும் நடுவில் கொஞ்சம் அதிக இடைவெளி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிள்ளை. ஆறாவது பிள்ளை யார் தலையைத் தொடுகிறதோ அந்த ஸ்வரம் பாட வேண்டும். இப்படித் தொட்டுத் தொட்டு ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி காலைப் பாட்டின் ஒரு அடியைத் தன்னையறியாமல் கண்டுபிடித்தாள். "டீச்சர், இது நம்ம பாட்டு!" என்று கத்தினாள். ஸ்வரம் என்பது எதற்கு என்று அதற்குப் பிறகு நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தாளம், பறை, நான் விட்ட இடம்

தாளத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் சொல்லிக்கொடுத்தது குறைவு. ஊர்த் திருவிழாவில் முளைப்பாரி வைத்துக் கும்மி கொட்டி வளர்ந்த பிள்ளைகள். மூன்றன் நடையைத் 'தகிட' என்று சொல்லிக் காட்டியதும் நான்காவது வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "இது அப்பத்தா கொட்டுற மாதிரி" என்று குனிந்து நிமிர்ந்து கொட்டிக் காட்டினாள். காலைப் பாட்டைக் கும்மி நடையில் வைத்துப் பழகிய பிறகுதான் அந்த இழுவை போனது. டிசம்பரில் 1 நிமிடத்துக்குள் வந்துவிட்டோம்.

கருவி கேட்டார்கள். ஒரு பறை கொண்டுவந்தேன். மறுநாள் காலை இரண்டு பேர் பள்ளி வாசலில் நின்றார்கள். ஒருவர், தன் வீட்டுப் பிள்ளை அதைத் தொடக் கூடாது என்று சொல்ல வந்தவர். அவரிடம் நான் சண்டை போட்டேன், போடத் தெரியும். இன்னொருவர் அடுத்த தெருக்காரர். "எங்கப்பன் அடிச்சது போதும்னுதான் பிள்ளைய இங்க அனுப்புனேன் டீச்சர். இங்கயும் அதையே கையில குடுக்குறீங்களே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பறை நம் பழைய இசைக்கருவி, சங்கப் பாட்டில் வருவது, இன்று நகரத்து மேடையில் எல்லோரும் கற்பது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. பறை அலமாரிக்குள் போனது. தேங்காய்ச் சிரட்டை, சாப்பாட்டுத் தட்டு, பெஞ்சுப் பலகை என்று ஓட்டினோம். நான் செய்தது சரியா என்பதில் இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

ஆண்டு முடிவில்

ஜூலையில் வைத்த அதே சோதனையைப் பிப்ரவரியில் திரும்ப வைத்தேன்: தனித்தனியாக, ப–க இரண்டையும் கேட்டுத் திருப்பிப் பாடுவது. ஜூலையில் சேர்ந்தவர்கள் பாதிக்கும் குறைவு. பிப்ரவரியில் சேராதவர்கள் ஐந்து பேர், அதில் மூவர் ஒன்றாம் வகுப்பு. இதை வைத்து நான் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஏழெட்டு மாதத்தில் பிள்ளைகள் தானாகவே வளர்ந்திருப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு பள்ளியும் இல்லை. சோதித்ததும் நானே, சொல்லிக்கொடுத்ததும் நானே. ஆனால் சுருதியை மாற்றிய முதல் வாரத்தில் கேட்ட வித்தியாசத்தை வளர்ச்சி என்று சொல்ல முடியாது. அது என் செல்போனில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

எச்.எம். சார் ஆரம்பத்தில் இதையெல்லாம் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் பார்த்தார். ஜனவரியில் நான் லீவு போட்ட ஒரு நாள், பாட்டு எடுக்கும் பெண்ணும் வரவில்லை. அவரே பழைய 1 கட்டையில் ஆரம்பித்திருக்கிறார். மறுநாள் வந்ததும் என்னிடம் சொன்னார்: "முதல் அடி என்கூடத்தான் வந்தாய்ங்க டீச்சர். ரெண்டாவது அடியில என்னைய விட்டுட்டு அவிங்க இடத்துக்குப் போயிட்டாய்ங்க. நான் சும்மா நின்னுக்கிட்டேன்."

கட்டை ஆண்டு முடிவில் 5½-ல் பாடினான். மேல் ஸ்வரங்களில் இன்னும் கொஞ்சம் தாழும், அதுவும் அவனுக்கே தெரியும், முகத்தைச் சுளிப்பான். காலையில் செல்போனைப் பிடித்துத் தம்புரா வைக்கும் பொறுப்பு அவனுடையது. மார்ச் மாதம் ஒரு நாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, முந்திய வருடம் அப்படிச் சொன்னது என் தப்பு என்றேன். "என்ன சொன்னீங்க டீச்சர்?" என்று கேட்டான். மறந்துவிட்டானா, எனக்காக மறந்த மாதிரி நடித்தானா என்று தெரியவில்லை.

2025 ஜூனில் அவன் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனான். ஒரு சாயங்காலம் சோழவந்தான் கடைவீதியில் அப்பாவின் வண்டிப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தேன். கையில் இரண்டு தகரத் தட்டு. புதுப் பள்ளியில் காலைப் பாட்டை எத்தனை கட்டையில் எடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அங்க ஸ்பீக்கர்ல போட்டுருவாங்க டீச்சர்" என்றான். "நாங்க சும்மா நிப்போம்."